சூசன் டெடெஸ்கியும் டெரெக் டிரக்ஸும்: ஒரு குரலையும் ஒரு கிதாரையும் முதலிலிருந்து கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஜாக்சன்வில் நகரில் வாழும் சூசன் டெடெஸ்கி, டெரெக் டிரக்ஸ் தம்பதி 2010 முதல் தங்கள் இருவர் பெயரிலும் ஒரு பெரிய ப்ளூஸ்–ராக் குழுவை நடத்தி வருகிறார்கள். சூசன் பாடுகிறார், கிதாரும் வாசிக்கிறார். டெரெக் பாடுவதே இல்லை. விரலில் 'ஸ்லைடு' எனப்படும் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கிதார் வாசிக்கிறார். இவர்களுடைய பாட்டு ஒன்றை எங்கோ கேட்டு, மனம் பறிகொடுத்து, அடுத்து எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் தமிழ் ரசிகர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இருவரும் சேர்வதற்கு முன் தனித்தனியே வெளியிட்டவற்றையும் கணக்கில் எடுத்தால் ஆல்பங்கள் இருபதைத் தாண்டும். அவற்றுள் கையில் கிடைத்ததை எடுத்துக் கேட்டால் நல்ல பாட்டுகள் கிடைக்கும், ஆனால் இந்த இருவரும் எப்படி ஒருவரையொருவர் நோக்கி வளர்ந்தார்கள் என்பது தெரியாமல் போய்விடும். அதனால் காலவரிசையிலேயே போவோம். ஒரு படிக்கு ஒரு வாரம் கொடுத்தால் போதும்.

வழி நெடுகிலும் இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டை எழுதியவர் யார் என்பது முதல் கேள்வி. குரல் நிற்கும் இடத்தில் கிதார் என்ன செய்கிறது என்பது இரண்டாவது. மற்றவர்களின் பாட்டுகளை அருமையாகப் பாடிய ஒரு பாடகியும், சொல்லே இல்லாமல் பேசத் தெரிந்த ஒரு கிதார் கலைஞரும், தங்களுக்கென்று ஒரு பாட்டு மொழியைக் கண்டடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நீண்ட பயணம்தான் எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்தது.

முதல் படி: காதைத் தயார் செய்தல்

ப்ளூஸின் அடிப்படை வடிவம் மிக எளியது. நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு அளவுகள் சேர்ந்து ஒரு சுற்று. பாடகர் ஒரு வரியைப் பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாவது வரியில் செய்தியை முடிப்பார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு அளவுகள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், குரல் ஏறத்தாழ இரண்டு அளவுகளோடு நின்றுவிடும். மீதி இடம் கிதாருக்கோ பியானோவுக்கோ உரியது. நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் சங்கதியை நிழல்போலத் தொடர்ந்து அதையே திரும்ப வாசிப்பார். ப்ளூஸில் கிதார் அப்படித் தொடர்வதில்லை. பாடகருக்குத் தன் சொந்த வாக்கியத்தில் பதில் சொல்கிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தபின் கேட்டுப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்திப் பாடுவதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில், சுரத்தை வளைத்துத் தொங்க விடுவார்கள். கர்நாடக இசையில் கமகத்தோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படாது. கிதாரின் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகள் சுரங்களைக் கட்டிப்போட்டிருப்பதால் அந்த நடு இடத்தைத் தொடுவதற்குத் தந்தியை இழுக்க வேண்டும், அல்லது ஸ்லைடால் அதன்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: பாஸ்டன் நகரத்துப் பாடகி

சூசன் 1970 நவம்பர் 9 அன்று பாஸ்டனில் பிறந்தவர். அந்நகருக்கு அருகிலுள்ள நார்வெல் என்ற ஊரில் வளர்ந்து, பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்து 1991-இல் பட்டம் பெற்றார். அங்கு காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டுகளைப் பாடும் குழுவில் பாடியது அவருடைய குரலின் அடித்தளமாக அமைந்தது. கூட்டத்தோடு பாடும்போது குரலைத் தள்ளவும், அதே சமயம் உடைந்துபோகாமல் காக்கவும் அந்தப் பயிற்சி கற்றுத் தருகிறது. 1993-இல் தன் பெயரில் குழு அமைத்தார். 1995-இல் முதல் ஆல்பம் வந்தது.

இந்த வாரம் நீங்கள் கேட்க வேண்டியது 1998-இல் வெளிவந்த 'ஜஸ்ட் வோன்ட் பர்ன்'. டோன்–கூல் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட இந்த ப்ளூஸ் ஆல்பம் அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளைக் கடந்து தங்கத்தட்டுச் சான்று பெற்றது. 2000-ஆம் ஆண்டு கிராமி விழாவில் சிறந்த புதிய கலைஞர் பரிசுக்கு பிரிட்னி ஸ்பியர்ஸ், கிறிஸ்டினா அகுலேரா, மேசி கிரே, கிட் ராக் ஆகியோருடன் சூசனின் பெயரும் நின்றது. பரிசு அகுலேராவுக்குப் போயிற்று. ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு ப்ளூஸ் பாடகி இடம்பெற்றதே பெரிய செய்தி.

ஆல்பத்தில் மூன்று பாட்டுகளை நிதானமாகக் கேளுங்கள். 'இட் ஹர்ட் ஸோ பேட்' டாம் ஹாம்பிரிட்ஜ் எழுதியது. காஸ்பலும் ப்ளூஸும் கலந்த சோல் வகையில் ஒரு மெதுவான பாட்டு. சூசன் தொடக்கத்தில் குரலை அடக்கியே வைத்திருக்கிறார். குரலில் கரகரப்பு எந்தச் சொல்லில் முதன்முதலாக ஏறுகிறது என்று கவனியுங்கள். எல்லாச் சொல்லிலும் அழுத்தம் கொடுக்கும் பாடகர்கள் பலர் உண்டு, அழுத்தத்தைச் சேமித்து வைப்பவர்கள் மிகக் குறைவு. 'ஏஞ்சல் ஃப்ரம் மாண்ட்காமரி' ஜான் பிரைனின் பாட்டு. வாழ்க்கை கைவிட்டுப்போன ஒரு நடுவயதுப் பெண்ணின் வாய்மொழியாக அமைந்த அதை இருபதுகளில் இருந்த சூசன் பாடியிருக்கிறார், அதன்பின் வந்த ஆண்டுகளில் மேடைகளில் தொடர்ந்து பாடியும் வந்திருக்கிறார். மூன்றாவது, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு. இது சூசனே எழுதியது. முதல் இரண்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடகி ஏற்கெனவே முழுமையடைந்துவிட்டார் என்பதும், பாட்டெழுதுபவர் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார் என்பதும் புரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த இடைவெளிதான் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம்.

மூன்றாம் படி: ஐந்து டாலர் கிதார்

டெரெக் 1979 ஜூன் 8 அன்று ஜாக்சன்வில்லில் பிறந்தார். அவருடைய பெரிய தகப்பனார் முறையான பட்ச் டிரக்ஸ், ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்கத் தென்மாநில ராக் குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர். ஆங்கிலேயக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனும் ஆல்மன் பிரதர்ஸின் டுவேன் ஆல்மனும் சேர்ந்து வாசித்த 'டெரெக் அண்ட் த டோமினோஸ்' குழுவின் பெயரிலிருந்தே இவருக்குப் பெயர் வைத்தார்கள். ஒன்பது வயதில், வீட்டு வாசலில் பழைய பொருள் விற்ற ஓரிடத்தில் ஐந்து டாலருக்கு ஒரு கிதார் கிடைத்தது. சிறு கை தந்திகளை அழுத்தச் சிரமப்பட்டதால், அழுத்தத் தேவையில்லாத ஸ்லைடைப் பிடித்துக்கொண்டார். பதினொன்றாம் வயதில் சம்பளம் வாங்கி மேடையேறினார். பதின்வயதிலேயே சொந்தக் குழு. 1999-இல், இருபது வயதில், ஆல்மன் பிரதர்ஸ் குழுவில் முறையான உறுப்பினர்.

அவர் வாசிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் பல நுட்பங்கள் கைநழுவிவிடும். டெரெக் தன் கிதாரை 'ஓப்பன் ஈ' முறையில் சுருதி சேர்க்கிறார். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. நம் கணக்கில் ஆதார சுருதியை ஈ என்று வைத்தால் ச, ப, ச, க, ப, ச என்று வரும். காந்தாரம் அந்தர காந்தாரம். எந்த விரலையும் வைக்காமல் ஆறு தந்திகளையும் மீட்டினாலே ஒரு முழு இசைவு கேட்கும். இடக்கை மோதிர விரலில் கண்ணாடி ஸ்லைடு. வலக்கையில் தந்தி மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம் கிடையாது. கட்டை விரலாலும் மற்ற விரல்களாலுமே மீட்டுகிறார், மீட்டாத தந்திகளை அதே விரல்களால் அடக்கியும் வைக்கிறார். அவருடைய ஸ்லைடு இரைச்சலில்லாமல், ஒவ்வொரு சுரமும் தனியே துலங்கி வருவதற்கு இந்த அடக்கமே காரணம். கிதார் பெரும்பாலும் கிப்சன் எஸ்ஜி வகை. ஒலியை மாற்றும் பெடல்களின் வரிசையை அவர் நம்பியிருப்பதில்லை, கிதாரிலிருந்து நேரே ஆம்ப்ளிஃபயருக்கே போகிறது. ஒலியின் நிறம் மாறுவதெல்லாம் விரலின் வன்மையாலும் கிதாரின் வால்யூம் திருகாலுமே.

கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையைக் கேட்டிருப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அங்கும் கருங்காலி உருளை தந்தியின்மேல் வழுக்கிச் சென்று, மெட்டுகள் (ஃபிரெட்டுகள்) இல்லாமலே வாய்ப்பாட்டின் வளைவுகளைக் கொண்டுவருகிறது. ஜாரு என்று நாம் சொல்லும் அசைவு இரு வாத்தியங்களுக்கும் உயிர்நாடி. ஆனால் ஸ்லைடுக்கு ஒரு சோதனை உண்டு. ஃபிரெட் காப்பாற்றாது, மயிரிழை பிசகினாலும் சுருதி பேதம் வெளியே தெரிந்துவிடும். ஆகவே ஸ்லைடு வாசிப்பவரின் காது பாடகரின் காதாக இருந்தாக வேண்டும்.

இந்த வாரத்துக்கு முதலில் 1971-இல் வெளிவந்த ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' நேரடிப் பதிவில் முதல் பாட்டைக் கேளுங்கள். அதில் ஸ்லைடு வாசிக்கும் டுவேன் ஆல்மன் அதே ஆண்டு அக்டோபரில், 24-ஆம் வயதில் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார். அவர் ஸ்லைடாகப் பயன்படுத்தியது ஒரு மருந்துப் புட்டி. டெரெக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுவே.

நான்காம் படி: சரோதும் கவ்வாலியும்

டுவேனைப் போலவே வாசிக்கும் சிறுவன் என்ற பெயரோடு டெரெக் நின்றிருக்கலாம், கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் அங்கே நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் சரோத் மேதை அலி அக்பர் கான் நிறுவிய இசைக் கல்லூரியில் பாடம் கேட்டார். சரோதிலும் ஃபிரெட் கிடையாது. உலோகப் பலகையின்மேல் நகம் வழுக்குகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையே இசை என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து வந்தது.

2002-இல் டெரெக் டிரக்ஸ் குழு வெளியிட்ட 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' இந்த வாரத்துக்குரியது. நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி என்ற சூஃபி பக்தி இசை மரபில் வந்த ராஹத் ஃபதே அலி கான் அதில் ஒரு பாட்டுப் பாடுகிறார், சோல் பாடகர் சாலமன் பர்க் இரண்டு, சூசனும் ஒன்று. கவ்வாலியில் தலைமைப் பாடகரின் குரல் வளைவுகளை ஸ்லைடு எப்படிப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிட்டு, உடனே சூசன் பாடும் பாட்டுக்கு வாருங்கள். அந்த வளைவுகளில் சில இங்கும் வந்து நிற்பதைக் கேட்கலாம். 2006-இல் வந்த 'சாங்லைன்ஸ்' ஆல்பத்தில் அதே கவ்வாலியை வாத்தியங்களே பாடுகின்றன. நேரமிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு வீடு, இரண்டு குழுக்கள்

1999-இல் ஆல்மன் பிரதர்ஸின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்பாக மேடையேறித் தொடக்க நிகழ்ச்சி நடத்தச் சூசன் வந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருவரும் சந்தித்தார்கள். 2001 டிசம்பரில் திருமணம். 2002-இல் ஒரு மகன், 2004-இல் ஒரு மகள். ஆனாலும் ஒரே குழுவாக இணைவதற்கு 2010 வரை காத்திருந்தார்கள். கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இரண்டு பேருக்கும் தனித்தனியே குழுவும் ரசிகர்களும் இருந்தார்கள், குழுவை நம்பி வாழும் கலைஞர்களும் இருந்தார்கள். டெரெக் 2006-இல் தன் குழு, ஆல்மன் பிரதர்ஸ், எரிக் கிளாப்டனின் உலகச் சுற்றுப்பயணம் என மூன்று இடங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 2007, 2008 ஆண்டுகளில் 'சோல் ஸ்டூ ரிவைவல்' என்ற பெயரில் இரு குழுக்களையும் கலந்து மேடையேற்றி ஒத்திகை பார்த்தார்கள். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். அவசரப்பட்டிருந்தால் பாடகிக்குப் பின்னால் கணவர் வாசிக்கும் குழுவாக அது முடிந்திருக்கும்.

இந்தக் காலத்தில் மூன்று ஆல்பங்கள் முக்கியம். 2005-இல் ஜோ ஹென்றி தயாரித்த 'ஹோப் அண்ட் டிசையர்' முழுவதும் மற்றவர்களின் பாட்டுகள். சூசன் கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட மட்டுமே செய்கிறார். இதைச் சிலர் இடைக்கால வேலை என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. பாப் டிலன், ஓட்டிஸ் ரெட்டிங் போன்றவர்களின் பாட்டுகளுக்குள் ஒரு பாடகி நுழைந்து, மூலத்தைப் போலச் செய்யாமல் தன் மூச்சின் அளவுக்கு அவற்றைத் திருத்திக்கொள்வதைக் கற்க இதைவிட நல்ல பதிவு அவருடைய தொகுப்புகளில் இல்லை. 2008-இன் 'பேக் டு த ரிவர்' எதிர்த்திசையில் செல்கிறது. பெரும்பாலும் சூசனே, டோனி ஜோ ஒயிட் போன்ற தேர்ந்த பாடலாசிரியர்களுடன் சேர்ந்து எழுதியவை. 2009-இன் 'ஆல்ரெடி ஃப்ரீ' டெரெக்கின் குழுவுடையது. ஜாக்சன்வில் வீட்டின் பின்புறம் அவர்கள் கட்டிய 'ஸ்வாம்ப் ராகா' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. இந்தக் கடைசி இரண்டும் 2010-ஆம் ஆண்டு கிராமி விழாவில் தற்கால ப்ளூஸ் பிரிவில் ஒரே பரிசுக்குப் போட்டியிட்டன. பரிசு கணவரின் ஆல்பத்துக்குக் கிடைத்தது. ஒரே வீட்டிலிருந்து ஒரே பரிசுக்கு இரண்டு ஆல்பங்கள் போன அந்த ஆண்டிலேயே, தனித்தனிக் குழுக்களைக் கலைத்துவிட்டு இருவரும் ஒன்றானார்கள்.

ஆறாம் படி: 'ரெவலேட்டர்', அதிலும் ஒரே ஒரு பாட்டு

2011 ஜூனில் டெடெஸ்கி டிரக்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள், கொம்பு வாத்தியங்கள், துணைக் குரல்கள், கோஃபி பர்பிரிட்ஜின் கீபோர்டும் புல்லாங்குழலும், அவருடைய தம்பி ஓட்டீலின் பேஸ் கிதாரும் சேர்ந்து பதினொரு பேர். அடுத்த ஆண்டு சிறந்த ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி பரிசு இதற்குக் கிடைத்தது.

இந்த வாரம் முழுவதும் 'மிட்நைட் இன் ஹார்லெம்' என்ற ஒரே பாட்டைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதியவர்கள் மைக் மாட்டிசனும் டெரெக்கும். மாட்டிசன் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். டெரெக்கின் பழைய குழுவில் முதன்மைப் பாடகர் அவர். இரு குழுக்களும் ஒன்றானபோது முதன்மை இடம் இயல்பாகவே சூசனுக்குப் போயிற்று. மாட்டிசன் துணைக்குரலுக்கு நகர்ந்துகொண்டார். நகர்ந்தது மட்டுமன்றி, அந்தக் குழுவின் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பாட்டை, தன் இடத்துக்கு வந்த பாடகி பாடுவதற்காக எழுதியும் கொடுத்தார். இசையுலகில் இவ்வளவு பெருந்தன்மை அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

முதல் முறை சொற்களை மட்டும் பின்தொடருங்கள். பெருநகரத்துக்குத் தப்பி வந்த ஒருவரின் நினைவுகள் அவை. சூசன் அவற்றைப் புலம்பலாக்காமல், ஏறத்தாழப் பேசும் தொனியிலேயே பாடுகிறார். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு, வரிகளுக்கு இடையே கிதார் சொல்லும் சிறு பதில்களை மட்டும் கேளுங்கள். எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதே செய்தி. மூன்றாம் முறை தனி வாசிப்பைக் கேளுங்கள். அது வேகத்தைக் காட்டித் தொடங்குவதில்லை. சூசன் பாடிய மெட்டின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு, மூச்சு விட இடம் கொடுத்து, மெல்ல மேலேறி, உச்சியில் ஒரு சுரத்தை நடுங்க விட்டு இறங்குகிறது. கண்ணை மூடிக் கேட்டால், சொற்கள் தீர்ந்துபோன பிறகும் அதே ஆள் பாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பாடாத டெரெக்கை இந்தக் குழுவின் இரண்டாவது பாடகர் என்று நான் கருதுவது இதனால்தான்.

அதே ஆல்பத்தில் 'தீஸ் வால்ஸ்' என்ற பாட்டையும் தவறவிட வேண்டாம். அலி அக்பர் கானின் மகன் ஆலம் கான் அதில் சரோத் வாசிக்கிறார். இந்திய வாத்தியத்தை அலங்காரத்துக்குத் தூவிய பாட்டன்று அது. சரோதும் ஸ்லைடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் காதால் கண்டுகொள்ளலாம்.

ஏழாம் படி: நேரடிக் கச்சேரியும் ஓர் இடைக்கால ஆல்பமும்

இந்த இசை மேடையில்தான் முழு உருவம் கொள்கிறது. ஸ்டுடியோவில் ஆறு நிமிடமாக இருந்தது கச்சேரியில் பத்து நிமிடத்தைத் தாண்டும். 2012-இல் வந்த 'எவ்ரிபடிஸ் டாக்கின்' நேரடித் தொகுப்பில் 'மிட்நைட் இன் ஹார்லெம்' மறுபடி வருகிறது, ஆனால் நேரே பாட்டுக்குப் போவதில்லை. 'ஸ்வாம்ப் ராகா' என்று பெயரிட்ட ஓர் ஆலாபனை போன்ற முன்னுரை, அதற்குள் டுவேன் ஆல்மன் இயற்றிய ஒரு சிறு கிதார் உருப்படியின் சாயல், அதன்பின் பாட்டு. மூன்றாம், நான்காம், ஆறாம் படிகளில் கேட்ட எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

2013-இன் 'மேட் அப் மைண்ட்' ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் போதும். வெளியிலிருந்து வந்த பாடலாசிரியர்களின் கை அதிகம் தெரிகிறது. ஓட்டீல் விலகிய பிறகு பேஸ் கிதாருக்கு விருந்தினர் பலர் மாறி மாறி வந்ததும் கேட்கிறது. 'டு ஐ லுக் வொரீட்' மட்டும் சூசனின் குரலுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கத் தகுந்தது.

எட்டாம் படி: பாட்டு வீட்டுக்கு வருகிறது

2014 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தி முடித்தது. பதினைந்து ஆண்டுகள் அந்தக் குழுவில் வாசித்த டெரெக்குக்கு முதன்முறையாக ஒரே குழுவும் முழு நேரமும் வாய்த்தன. அதன் விளைவு 2016 ஜனவரியில் வந்த 'லெட் மீ கெட் பை'. இதைத் தயாரித்தவர் டெரெக். பாட்டுகள் ஜாக்சன்வில் கூடத்தில், குழுவினர் சுற்றி நின்று வாசித்துக்கொண்டே எழுதியவை. ஒருவர் எழுதி மற்றவர் வாசிக்கும் முறை போய், தாளக்காரர்கள் பிடித்த ஒரு நடையிலிருந்து மெட்டும், மெட்டிலிருந்து சொல்லும் பிறக்கும் முறை வந்தது.

'எனிஹௌ' என்ற முதல் பாட்டைக் கேட்டால் வேறுபாடு விளங்கும். முன்பெல்லாம் சூசன் ஒரு பாட்டுக்குள் நுழைந்து அதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே பாட்டு அவருடைய குரலின் அளவெடுத்தே தைக்கப்பட்டிருக்கிறது. தாழ்ந்த இடத்தில் பேச இடமிருக்கிறது, கரகரப்பு ஏறவேண்டிய இடத்தில் கொம்பு வாத்தியங்கள் கீழே தாங்குகின்றன. பெரிய குழுவை வைத்துக்கொண்டு எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதையும் இந்தக் காலத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் ஓக்லண்ட் நகரின் ஃபாக்ஸ் அரங்கில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த நேரடித் தொகுப்பை இதோடு சேர்த்துக் கேளுங்கள். ஆலம் கான் அங்கு மேடையிலேயே வந்து சரோத் வாசிக்கிறார். ஒரே ஒரு தொகுப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

ஒன்பதாம் படி: இழப்பின் ஆண்டுகள்

2017 ஜனவரியில் பட்ச் டிரக்ஸ் மறைந்தார். மே முதல் நாள், அட்லாண்டா நகரில், தன் எழுபதாம் பிறந்தநாளுக்காக நண்பர்கள் கூடி நடத்திய கச்சேரியின் முடிவில், கர்னல் புரூஸ் ஹாம்ப்டன் என்ற இசைக்கலைஞர் மேடையிலேயே சரிந்து, சற்று நேரத்தில் உயிர்நீத்தார். தென்மாநில இளம் கலைஞர்கள் பலருக்கு, டெரெக் உட்பட, ஆசான் போன்றவர் அவர். அதே மாதக் கடைசியில் ஆல்மன் பிரதர்ஸின் பாடகர் கிரெக் ஆல்மனும் போனார். இந்தத் துயரங்களிலிருந்து எழுந்த 'சைன்ஸ்' ஆல்பம் 2019 பிப்ரவரி 15 அன்று கடைக்கு வந்தது. அதே நாளில், 57 வயதில், கோஃபி பர்பிரிட்ஜ் காலமானார். ஆல்பம் முழுவதும் அவருடைய வாசிப்பு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, புல்லாங்குழலும் கீபோர்டும் ஒலிக்கும் இடங்களில் மனம் தானாக நின்றுவிடுகிறது.

கடைசிப் பாட்டான 'த எண்டிங்' ஹாம்ப்டனுக்கு அஞ்சலி. சூசன், ஆலிவர் உட் என்ற பாடலாசிரியருடன் சேர்ந்து எழுதியது. கொம்புகள் இல்லை, பெருங்குழு இல்லை. குரலும் கிதாரும் மட்டும் முன்னால். இரண்டாம் படியில் வழி தேடிக்கொண்டிருந்த பாட்டெழுதுபவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார். ஒப்பாரியில் உள்ளதுபோல, இறந்தவரை நேரே பார்த்துப் பேசும் நெருக்கம் இந்தப் பாட்டில் இருக்கிறது.

பத்தாம் படி: லைலாவின் பக்கத்திலிருந்து

டெரெக்குக்குப் பெயர் தந்த குழுவின் ஒரே ஸ்டுடியோ ஆல்பம் 'லைலா'. அது வெளியான நாளாகக் குறிக்கப்படுவது 1970 நவம்பர் 9, அதாவது சூசன் பிறந்த அதே நாள். 2019 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நடந்த லாக்கின் இசைவிழாவில் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, கிதார் கலைஞர் டிரே அனஸ்டாசியோவுடன் சேர்ந்து வாசித்தார்கள். 2021-இல் அது நேரடித் தொகுப்பாக வந்தது.

2020-இல் பெருந்தொற்று வந்து கச்சேரிகள் நின்றபோது, மைக் மாட்டிசன் ஒரு யோசனை சொன்னார். கிளாப்டனின் பாட்டுக்கு மூலமான லைலா–மஜ்னு கதையை, பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமியின் காவியத்தை, குழுவினர் எல்லோரும் வாசித்துவிட்டு அதிலிருந்து எழுதினால் என்ன என்பதே அது. கிளாப்டனின் ஆல்பம் மஜ்னுவின் ஏக்கத்திலிருந்து மட்டுமே எழுதப்பட்டது. அடைத்து வைக்கப்பட்ட லைலா என்ன நினைத்தாள் என்று அதில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து 24 பாட்டுகள் பிறந்தன. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, 'கிரெசன்ட்', 'அசென்ஷன்', 'த ஃபால்', 'ஃபேர்வெல்' என்ற நான்கு ஆல்பங்களாக, 'ஐ ஆம் த மூன்' என்ற பொதுப்பெயரில் வெளிவந்தன.

இதை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். அவர்கள் வெளியிட்டபடியே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். முதல் ஆல்பத்தில் வரும் 'ஐ ஆம் த மூன்' பாட்டை எழுதிய கேப் டிக்சன், கோஃபிக்குப் பின் கீபோர்டுக்கு வந்தவர். மாட்டிசனும் மற்றவர்களும் பல பாட்டுகளில் கை வைத்திருக்கிறார்கள். இவர்கள் இயற்றிய மெட்டுகளைப் பாடும் சூசன், லைலாவுக்காகப் பேசுகிறாரா தனக்காகப் பேசுகிறாரா என்று பிரித்தறிய முடியாது. அதே ஆல்பத்தின் இறுதியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் 'பாசக்குவான்' என்ற வாத்திய உருப்படி. சொற்கள் முழுவதும் விலகி, இரண்டு டிரம்ஸுக்கு மேல் ஸ்லைடு தனியே நடக்கிறது.

நான்காம் ஆல்பத்தில் 'சோல் ஸ்வீட் சாங்' கோஃபியை நினைத்து எழுதப்பட்டது. அதைக் கேட்டு முடித்ததும் ஆறாம் படிக்குத் திரும்பி, 'ரெவலேட்டர்' ஆல்பத்தில் கோஃபி உயிரோடு வாசிப்பதை மறுபடி ஒருமுறை கேளுங்கள்.